தீப்பெட்டிக்குள் கிலுகிலுப்பை

விதைக் கடையில் பூ விதை என்று கேட்டால் வண்ணப் பாக்கெட்டுகளை எடுத்து மேசையில் பரப்புகிறார்கள். சீனியா, காஸ்மாஸ், துலுக்கச் செவ்வந்தி. மூன்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அதற்காக எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை. துலுக்கச் செவ்வந்தி மாலை இல்லாமல் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை நடந்ததே கிடையாது. ஆனால் ஏப்ரல் பிறந்தால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காற்றை இழுக்கும் வீடு எங்களுடையது. தினமும் ஒரு குடம் கேட்கும் பூச்செடியை வளர்த்துக்கொண்டு அம்மாவின் கண்ணில் விழிக்க முடியாது.

"மழைத் தண்ணீரை வைத்துப் பிழைத்துக்கொள்கிற பூவாக ஏதாவது வை" என்றார் அம்மா. அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்றார் கடைக்காரர். எங்கள் கண்மாய்க் கரையில் இருந்தது.

மதுரைக்குத் தெற்கே, செம்மண்ணும் சுக்கான்கல்லும் கலந்த பூமி. பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மழை நின்று மாதம் ஒன்றாகி, கரையில் புல்லெல்லாம் வைக்கோலாகியிருந்தது. அந்த வெளுப்புக்கு நடுவே இடுப்பளவுச் செடிகள் சில, நீலமா ஊதாவா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாத நிறத்தில் பூத்து நின்றன. காலில் உரசிய ஒரு காய்ந்த கொத்து கலகலவென்று ஒலித்தது. சிறு வயதில் அந்தக் காயைப் பிடுங்கிக் காதருகே ஆட்டாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கிலுகிலுப்பை.

அந்தப் பெயரில் ஒரு கூட்டமே இருக்கிறது. கடற்கரை மணலில் அதிகம் காணப்படும் மஞ்சள் பூக்காரனுக்கும் அதே பெயர்தான். அதன் இலை நுனி மழுங்கி, அடி ஆப்பு போலக் குறுகியிருக்கும். நெல் வயலில் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிற சணப்பு இவற்றுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் பார்த்தது நீலப்பூ வகை, தாவரவியலில் குரோட்டலேரியா வெருகோசா. அடையாளம் எளிது. தண்டை விரலால் உருட்டினால் வரம்புகள் தட்டுப்படும். கணுவுக்குக் கணு இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் பிறை வடிவில் இரண்டு குட்டி இலைகள் நிற்கும். பூ இல்லாத நாளிலும் அந்தப் பிறைகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். குரோட்டலேரியா என்ற பெயரும் தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். வாலை ஆட்டிச் சத்தமிடும் அமெரிக்கப் பாம்பின் அறிவியல் பெயருக்கும் அதே வேர். கண்மாய்க் கரைப் பிள்ளைகளும் ஐரோப்பிய அறிஞர்களும் அந்தக் காயை ஒரே மாதிரி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

விதை சேர்த்ததில் முதல் பிழை நடந்தது. ஆர்வத்தில் பச்சையும் பழுப்புமாக இருந்த காய்களையும் பறித்துவிட்டேன். வீட்டில் காயவைத்தபோது அவற்றின் விதைகள் சுருங்கி, உமி போலாகிவிட்டன. நன்றாகக் கறுத்த காய்களிலோ பாதிக்கு மேல் ஊசி நுழைகிற அளவில் ஓட்டை. உள்ளே விதை இருந்த இடத்தில் தூள். யாருடைய வேலை என்பது அப்போது தெரியவில்லை. கழித்துக் கட்டியதில் நூற்றுச் சொச்சம் விதைகள் தேறின. ஒவ்வொன்றும் சிறுநீரக வடிவில், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு இருந்தது. அந்தப் பளபளப்பை ரசித்தேனே தவிர, அதுதான் பிரச்சினை என்று யோசிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு கோடை மழை பெய்த கையோடு 40 விதைகளை நாற்றுப்பைகளில் ஊன்றினேன். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல் என்று மாடித் தோட்டக்காரர்கள் சொல்லும் கலவை. தினமும் பூவாளியில் தண்ணீர். மூன்று வாரத்தில் முளைத்தவை நான்கு. அதில் இரண்டு, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகிச் சாய்ந்தன. மிச்சம் இரண்டை ஒரு சாண் உயரம் வந்ததும் தரைக்கு மாற்றினேன். பையைக் கிழித்தபோதுதான் பார்த்தேன்: ஆணிவேர் பையின் அடியை முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. அதை நீட்டிவிடப் போய் நுனி ஒடிந்தது. நாலாம் நாள் இரண்டும் போய்ச் சேர்ந்தன.

முளைக்காத பைகளைக் கொட்டிச் சலித்தேன். சாயங்காலம் முழுக்க அந்த வேலை. நார்க்கழிவுக்குள்ளிருந்து விதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்று வாரம் ஈரத்தில் கிடந்திருக்கின்றன, ஆனாலும் ஊன்றிய அன்று இருந்த அதே பளபளப்பு. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது. ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிக்கப் போனவன், நல்லவேளை, கடிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விதை செத்துவிடவில்லை, அதற்குள் தண்ணீரே போகவில்லை. அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. விதைத்தோலில் நீண்ட உயிரணுக்கள் ஓலைப் பாயின் கோரை போல ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அந்த வரிசையில் ஒரு கீறல் விழும் வரை நீர் நுழையாது. கண்மாய்க் கரையில் அந்தக் கீறலை வெயிலும் மணலும் மாட்டுக் குளம்பும் மெதுவாகப் போடுகின்றன. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு சோதனை வைத்தேன். மிஞ்சிய விதைகளில் 60 எடுத்து, 20 வீதம் மூன்று பங்காக்கினேன். ஒரு பங்கு அப்படியே. இன்னொரு பங்கின் மேல், கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய வெந்நீரை ஊற்றி இரவெல்லாம் விட்டேன். மூன்றாம் பங்குக்கு உப்புத்தாள்.

ஹார்டுவேர் கடையில் 120 நம்பர் உப்புத்தாள் வாங்கிவந்து முதலில் விதையைக் கையில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். ஐந்தாவது விதைக்குள் விரல் நுனி தோலுரிந்தது. விதை என்னவோ அப்படியே இருந்தது. பிறகுதான் தீப்பெட்டி யோசனை வந்தது. பெரிய தீப்பெட்டியின் உள் தட்டிலும், மேலட்டையின் உட்புறத்திலும் உப்புத்தாளை வெட்டி ஒட்டினேன். 20 விதைகளைப் போட்டு மூடி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஆட்டத் தொடங்கினேன். நூறு ஆட்டம், திறந்து பார்ப்பது, மறுபடி நூறு. பளபளப்பு மங்கி, விதையின் முதுகில் சாம்பல் பூத்தது போல் ஆகும்வரை கிட்டத்தட்ட ஐநூறு ஆட்டம் ஆயிற்று. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "எந்தக் குழந்தைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்படித் தேய்த்தால் விதை முழுக்கச் சீராகச் சிராய்ப்பு விழுகிறது. கத்தியால் கீறுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. சிறுநீரக வடிவத்தின் உட்குழிவில்தான் விதைத் தழும்பு இருக்கிறது, முளைவேர் அதை ஒட்டித்தான் படுத்திருக்கிறது. அந்தப் பக்கம் கத்தி நழுவினால் கதை முடிந்தது. கீறித்தான் ஆக வேண்டும் என்றால் குவிந்த முதுகுப் பக்கம் மட்டும் கீற வேண்டும்.

தேய்த்த விதைகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு வைத்தேன். காலையில் 18 விதைகள் ஒன்றரை மடங்கு பருத்து, தோல் மெத்தென்று, ஊறிய பாசிப்பயறு போல் கிடந்தன. இரண்டு மட்டும் பழைய அளவில் மின்னின. அவற்றைத் தனியாக எடுத்து மறுபடி தீப்பெட்டிக்கு அனுப்பலாம் என்பதுதான் ஊறவைப்பதன் லாபம். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று மண்ணில் போடும் முன்பே தெரிந்துவிடுகிறது. சோதனைக்காக அப்படிச் செய்யாமல் இருபதையும் ஊன்றினேன்.

மூன்று தட்டுகளில் வெறும் ஆற்று மணலும் செம்மண்ணும். பத்தாம் நாள் எண்ணியது: தேய்த்ததில் 17, வெந்நீரில் 11, சும்மா விட்டதில் 3. வெந்நீர்த் தட்டில் முளைக்காதவற்றில் நாலைந்து வெந்தே போயிருந்தன. நீரின் சூட்டைக் கையால் கணித்தால் அப்படித்தான். கணக்கு முடிந்ததும் நாற்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்று தட்டு மண்ணையும் கொல்லையில் துவைகல் பக்கம் கொட்டினேன்.

இடம் தயார் செய்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதிலோரம் 12 அடி நீளம், 4 அடி அகலம். வீடு கட்டிய காலத்துச் செங்கல் துண்டுகளைப் பொறுக்கி, கடப்பாரையால் ஒரு முழ ஆழம் கிளறினேன். ஆணிவேர் இறங்குவதற்கு ஆழம் வேண்டும். நாற்றுப்பையில் கற்ற பாடம். அதே பாடத்தால் இந்த முறை நேரடி விதைப்பு. ஒரு சின்னப் போட்டி வைக்கலாம் என்று இடது பாதியில் மட்டும் இரண்டு கூடை மக்கிய சாணி எருவைக் கலந்தேன். வலது பாதிக்கு எதுவும் இல்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம், முதல் நல்ல மழை இறங்கிய மறுநாள் ஊன்றினேன். ஒன்றரை அடிக்கு ஒரு குழியாக 24 குழிகள், குழிக்கு இரண்டு ஊறிய விதைகள், விரல் நகம் மூழ்கும் ஆழம். நாலாம் நாளே மண் வெடித்தது. 48-இல் 41 மேலே வந்தன. மூன்று குழிகளைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறித் தின்றுவிட்டது. அதன் பிறகு முள் ஒடித்துப் போட்டேன்; முன்பே போட்டிருக்க வேண்டும். 21 குழிகள் தப்பின.

நாற்றுகள் நாலைந்து இலை விட்டதும் குழிக்கு ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் பிடுங்கினேன். மனம் வராத வேலைதான், ஆனால் அதில் ஒரு காட்சி கிடைத்தது. வலது பாதியில் பிடுங்கிய நாற்றின் வேரைத் தண்ணீரில் அலசினால் குண்டூசித் தலை அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே வெளிறிய ரோஜா நிறம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அந்த நிறம் அடையாளம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒன்று அதில் இருக்கிறது. நான் எந்த நுண்ணுயிர் உரமும் வாங்கிப் போடவில்லை, மண்ணிலேயே இருந்திருக்கிறது. எருவிட்ட இடது பாதி நாற்றுகளில் தேடித் தேடி இரண்டு மூன்று முடிச்சுகளைத்தான் பார்த்தேன். தட்டில் சோறு இருக்கும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்?

நவம்பர் கடைசியில் இடது பாதி மார்பளவு வளர்ந்து, உள்ளங்கை அகல இலைகளோடு காடாக நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். வலது பாதி முழங்காலுக்குச் சற்று மேலே, கட்டுமஸ்தாக, கிளை கிளையாக நின்றது. ஒரு அடி வந்ததும் எல்லாச் செடியிலும் நுனியைக் கிள்ளியிருந்தேன். வலது பாதியில் அது கிளைத்தது, இடது பாதியில் கிள்ளிய இடத்திலிருந்து மறுபடி மேலேதான் போனது. டிசம்பரில் ஒரு ராத்திரி காற்றும் மழையுமாக அடித்ததில் இடது பாதியில் நான்கு செடிகள் வேரோடு சாய்ந்தன. வலது பாதியில் முதல் பூ 62-ஆம் நாள். இடது பாதியில் 79-ஆம் நாள். அடுத்த வருடத்துக்கு எரு வேலை மிச்சம்.

தண்ணீர் விஷயத்தில் நான் கெட்டது ஒரே ஒரு தடவை. நவம்பர் நடுவில் பத்து நாள் மழை இல்லை. மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் இலைகள் எல்லாம் துவண்டு தொங்கின. பதறிப்போய் இரண்டு குடம் ஊற்றினேன். மறுநாள் மதியமும் அதே தொங்கல். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் விரலளவு ஆழத்தில் ஈரம் நன்றாகவே இருந்தது. வெயில் உச்சியில் இலையைத் தாழ்த்திக்கொள்வது இந்தச் செடியின் வழக்கம். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் நிமிர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் அதற்குத் தாகம். அப்படி ஜனவரியில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் ஊற்றினேன். ஆக, விதைப்பிலிருந்து அறுவடை வரை தண்ணீர் ஊற்றியது மொத்தம் மூன்று நாள், அதில் ஒன்று வீண். அம்மாவிடம் இந்தக் கணக்கைப் பெருமையாகவே சொன்னேன்.

பூவைப் பற்றி. கொத்து கீழிருந்து மேலாக மலர்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. பின்னால் விரிந்த பெரிய இதழ் வெளிர் நீலம், அதில் ஊதா நரம்புகள். பக்கத்து இரண்டு இதழ்களும் அடர் ஊதா. அவற்றுக்குள் ஒளிந்து, கிளி மூக்குப் போல வளைந்த ஒரு படகு. கரிய தச்சுத்தேனீ ஒன்று, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, பக்கத்து இதழ்களில் வந்து உட்கார்ந்ததும் அதன் கனத்தில் இதழ்கள் கீழே அமுங்கின. கிளி மூக்கின் நுனியிலிருந்து மஞ்சளாக ஏதோ வெளியே வந்து அதன் வயிற்றில் ஒட்டியது. தேனீ போனதும் இதழ் மேலே எழுந்து, மூக்கு மூடிக்கொண்டது.

நானும் ஒரு ஊதுபத்திக் குச்சியால் பக்கத்து இதழ்களை மெல்ல அழுத்திப் பார்த்தேன். மருதாணிக் கூம்பை அழுத்தினால் வருவது போல, மூக்கு நுனித் துளையிலிருந்து மகரந்தம் மெல்லிய மஞ்சள் நூலாக வந்தது. விட்டால் நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி கொஞ்சம். பூவைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது: மகரந்தம் முழுவதும் அந்தக் குறுகிய மூக்குக்குள் கொட்டியிருக்கிறது, ரோமம் படிந்த சூல்தண்டு பிஸ்டன் போல உள்ளே நின்று, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. ஒரே தேனீ எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட முடியாது. சின்னக் கொசுத்தேனீக்கள் வந்து உட்கார்ந்தன, அவற்றின் கனத்துக்கு இதழ் அசையக்கூட இல்லை. அன்று காலை அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

ஜனவரியில் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. பூவுக்கு வந்தவையல்ல. காற்றில் சாய்ந்த நான்கு செடிகளைப் பிடுங்கி மதில் மேல் போட்டிருந்தேன். அவை பாதி காய்ந்து கிடந்தன. அந்தச் சருகுகளில் ஒரே நேரத்தில் பதினொன்று உட்கார்ந்திருந்ததை எண்ணினேன். காலால் இலையைச் சுரண்டி, உறிஞ்சுகுழலை நீட்டித் தடவிக்கொண்டிருந்தன. கிலுகிலுப்பையில் பைரோலிசிடின் என்ற வகை ஆல்கலாய்டு நஞ்சு இருக்கிறது. அதை எடுத்துத்தான் இந்த இனத்து ஆண் பூச்சிகள் பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. காய்ந்த இலையை ஈரப்படுத்திச் சாறு எடுக்கிற அந்த வேலையில், நான் ஒரு அடி தூரத்தில் முகத்தை வைத்தும் அவை பறக்கவில்லை.

பிப்ரவரியில் ஓட்டைக்காரன் யாரென்று தெரிந்தது. வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் வைத்த சிறிய அந்துப்பூச்சி பகலிலேயே செடிகளுக்குள் தத்திக்கொண்டிருந்தது. பிறகு ஒரு காயைப் பிளந்தபோது உள்ளே அதன் புழு: கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள், ஆரஞ்சுப் பொட்டுகள், அங்கங்கே முடி. அது மிச்சம் வைத்திருந்தது ஒரே ஒரு விதை. இதன் அமெரிக்க உறவுக்காரப் பூச்சியை கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புழுப் பருவத்தில் தின்ற நஞ்சு சிறகு முளைத்த பிறகும் உடலில் தங்கியிருக்கிறது; அந்தப் பூச்சி வலையில் விழுந்தால் சிலந்தியே வந்து இழைகளை அறுத்து வெளியே விட்டுவிடுகிறது. இவ்வளவு ஏற்பாடோடு வரும் பூச்சியிடம் வேப்பெண்ணெய்க் கரைசலைக் கொண்டு போய்ச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அதுவும் இந்த மண்ணின் உயிர்தானே, என் செடியைவிட எந்த வகையில் மட்டம்?

ஆனாலும் விதை வேண்டும். கொசுவலைத் துணியில் முழ நீளப் பைகள் தைத்து, பூ வாடிப் பிஞ்சு பிடித்த ஆறு கொத்துகளுக்கு மட்டும் மாட்டி, அடியில் நூலால் கட்டினேன். மற்றதெல்லாம் அந்துப்பூச்சிக்கும், மொட்டில் முட்டை வைக்க வந்த பட்டாணி நீலன் என்ற சிறு வண்ணத்துப்பூச்சிக்கும். மார்ச் மாதக் கணக்கு: பைக்குள் 43 காய்கள், எல்லாம் முழுசு, 450-க்கு மேல் விதை. வெளியே சும்மா பறித்துப் பார்த்த 30 காய்களில் 19-இல் ஓட்டை. முதல் வருடம் கண்மாய்க் கரையில் பார்த்ததற்கு ஏறக்குறைய அதே விகிதம்.

காயை எப்போது பறிப்பது என்பதற்குக் காதுதான் கருவி. விதை உள்சுவரை விட்டுக் கழன்ற பிறகுதான் கிலுகிலுக்கும். கறுத்திருந்தும் சத்தம் வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். சத்தம் வந்த காயை மதியம் வரை விட்டால் வெயிலில் ஓடு பிளந்து விதை தரையில். அதனால் காலைப் பனி காயும் முன்பே பறித்து, முறத்தில் நிழலில் உலர்த்தினேன்.

இப்போது அந்தக் கடிக்காத விதையின் கதை. வண்ணத்துப்பூச்சிக்கு மணமாகிற அதே நஞ்சு மனிதக் கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். 1970-களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் பல கிராமங்களில் மக்கள் வயிற்றில் நீர் கோத்துப் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். தேடிப் போனபோது அவர்கள் உண்ட சாமையில் ஒரு வகைக் கிலுகிலுப்பையின் விதை கலந்திருந்தது தெரிந்தது. எங்கள் வீட்டிலும் சாமை டப்பா உண்டு. முறத்தை அம்மாவிடம் இரவல் வாங்கியிருந்தவன், இதைப் படித்த அன்றே அவருக்குப் புது முறம் வாங்கிக் கொடுத்தேன். பழையது இப்போது கொல்லைக் கூரையில் தொங்குகிறது, விதைக்கு மட்டும். விதைகள் கண்ணாடி பாட்டிலில், "விஷம், விதைக்கு மட்டும்" என்ற சிவப்பு எழுத்தோடு, சமையலறைக்கு வெளியே. கையில் எடுத்து ஆட்டுவதால் ஒன்றுமில்லை. வாய்க்குத்தான் போகக் கூடாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தச் செடியை யோசித்து வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா இரண்டு ஆடு வளர்க்கிறார். பச்சையாக நின்ற நாளில் அவை மதில் ஓரம் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டன. ஏப்ரலில் செடிகள் காய்ந்ததும், "தம்பி, அந்தக் கட்டையெல்லாம் சும்மாதானே கிடக்கிறது, ஆட்டுக்குப் போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்று சொல்லி விவரம் சொன்னேன். காய்ந்த தீவனத்தோடு கலந்துவிட்டால் ஆட்டுக்குப் பிரித்துத் தின்னத் தெரியாது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அப்புறம் எதற்கு இதை வளர்க்கிறாய்?" என்றார். நீல வரியனைக் காட்டலாம் என்று திரும்பினேன். ஏப்ரலில் அவை ஏது? தண்டுகளை வெட்டிக் குழியில் மக்கப் போட்டேன். வேர்களை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டேன், முடிச்சுகளோடு.

அடுத்த அக்டோபரில் தீப்பெட்டிக்குப் புது உப்புத்தாள் ஒட்டி, 48 விதைகளை எண்ணி வைத்து, மழைக்குக் காத்திருந்தேன். இரண்டாவது மழை பெய்த மூன்றாம் நாள் காலையில் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். துவைகல்லை ஒட்டி, போன வருடம் தட்டு மண்ணைக் கொட்டிய இடத்தில், ஆறு நாற்றுகள். குனிந்து காம்பின் அடியைப் பார்த்தேன். பெரியது ஒன்றில் பிறைகள் இரண்டும் இருந்தன. சும்மா விட்ட இருபதில் முளைக்காமல் படுத்துக்கிடந்த பதினேழும் அந்த மண்ணில்தான் போயிருந்தன. ஒரு வருட வெயிலில் கிடந்து, துணி துவைக்கிற கால்களில் மிதிபட்டு, ஆறுக்கு இப்போதுதான் கீறல் விழுந்திருக்கிறது. மிச்சம் பதினொன்று இன்னொரு மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ உள்ளேயே கிடக்கலாம்.

நான் எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் வழியாதபடி அம்மா ஏற்கெனவே ஒரு செங்கலைக் குறுக்கே வைத்திருந்தார்.